எட்டு பவுண்ட் இருபது பென்ஸ்

"இந்த இரண்டில் எது இல்லாமல் சமாளிக்கலாம்?"

இங்கிலாந்தின் ஒரு நகரத்து மருந்துக்கடையில் பயிற்சி மருந்தாளுநராக நின்ற முதல் குளிர்காலத்தில் ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டார். 2015ஆம் ஆண்டு. அவருடைய மருந்துச் சீட்டில் ஆஸ்துமாவுக்கு இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. ஒன்று பழுப்பு, ஒன்று நீலம். அப்போது மருந்து ஒன்றுக்குக் கட்டணம் 8 பவுண்ட் 20 பென்ஸ். நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுகிறவருக்கு விலக்கு உண்டு, ஆஸ்துமாக்காரருக்குக் கிடையாது. இரண்டையும் வாங்க அவரிடம் பணம் இல்லை. நீலம் போதும் என்றார். மூச்சுத் திணறும்போது இழுத்தால் சட்டென்று நெஞ்சைத் திறந்துவிடுவது நீலம். பழுப்பை அன்றாடம் இழுக்க வேண்டும். இழுத்ததன் பலன் அன்றைக்குத் தெரியாது. ஆனால் திணறல் வராமல் காப்பது அதுதான். ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் பழுப்பைத்தான் விடுவார்கள். விடக்கூடாததும் அதுதான். இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நீலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து மாத்திரை அட்டையில் நான்கை மட்டும் கத்தரித்து வாங்கிப் போகிறவர்களை ஊரில் பார்த்து வளர்ந்தவன் நான். பிரிட்டனில் வைத்தியம் இலவசம் என்று கேள்விப்பட்டு வந்தவன். இங்கே கத்தரிக்கோல் கடைக்காரரிடம் இல்லை, நோயாளியின் கையில் இருந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இங்கிலாந்திலும் மருந்துகளில் பத்தில் ஒன்பது இலவசமாகத்தான் போகின்றன. குழந்தைகள், அறுபதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள் கட்டணம் கொடுப்பதில்லை. மீதிப் பத்தில் ஒன்றுதான் என்னிடம் வந்து "எது இல்லாமல்" என்று கேட்டது.

2019இல் வேல்ஸுக்கு மாறினேன். தென் வேல்ஸின் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒன்றில், ஒரே நீளத் தெருவாகக் கிடக்கும் சிற்றூர். முதல் நாள் காலையில் ஒரு முதியவர் சீட்டை நீட்டினார். பழக்கதோஷத்தில் அதைத் திருப்பி, "கட்டண விலக்கு உண்டா?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். "அதெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில், பட். நை சும்மாவா சண்டை போட்டார்?" என்றார் முதியவர்.

'பட்' என்பதை ஏதோ வசை என்று நினைத்தேன். சுரங்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் கூட்டாளியை அழைக்கும் சொல்லிலிருந்து வந்ததாம் அது. 'நை' யார் என்பதும் தெரியவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் யூனியன் தலைவராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். 1960இல் இறந்துபோன ஓர் அமைச்சரைத்தான் இப்படிச் செல்லப்பெயரால் சொல்கிறார்கள் என்று புரியச் சில நாட்கள் ஆயின.

அனைரின் பெவன். 1897இல் தென் வேல்ஸின் ட்ரெடீகரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுத் தானும் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பா டேவிட் 1925இல் நுரையீரலில் படிந்த கரித்தூசியால் மகனின் கைகளிலேயே இறந்தார். அந்த நோய் அன்றைக்குத் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை, ஆகவே இழப்பீடும் இல்லை. இந்த வரலாற்றை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் கவுன்ட்டரில் கேட்டிருந்தேன். சுரங்கங்கள் மூடிப் பல ஆண்டுகள் ஆன பிறகும், கடைக்குள் நுழைந்ததும் பேசத் தொடங்காமல் முதலில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இரைப்பு தெரிந்தவன் அவசரப்படுத்த மாட்டான்.

பெவனுக்குத் திக்குவாய். வாயில் சிக்கும் சொல்லைத் தவிர்க்க, அதே பொருள் தரும் வேறு சொல்லைத் தேடிச் சேர்த்துவைத்தார். ஆங்கில நிகண்டு ஒன்றே அவருக்கு மருந்தாயிற்று. பாராளுமன்றத்தில் சர்ச்சிலையே சீண்டிய நாவன்மை இப்படித் திக்கலிலிருந்து முளைத்தது. பள்ளத்தாக்கு ஆங்கிலத்துக்கு முன் நாக்குத் தடுமாறி, வீட்டில் வாக்கியங்களை ஒத்திகை பார்த்துவிட்டுக் கடை திறந்த நாட்களில் இந்தச் செய்தி எனக்குப் பெரிய ஆறுதல்.

ட்ரெடீகரில் தொழிலாளர்கள் சம்பளத்தில் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்று ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அதற்கு ஈடாக மருத்துவர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தன. 1945இல் சுகாதார அமைச்சரான பெவன், இதைத்தான் நாடு முழுவதற்கும் விரிக்கப்போகிறேன் என்றார். மருத்துவர் சங்கம் வாக்கெடுப்பு நடத்திப் பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பு என்று காட்டியது. பெரிய மருத்துவர்கள் தனியார் நோயாளிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்து அவர்களைத் தன் பக்கம் இழுத்தார்; அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன் என்று பின்னர் சொன்னதாக வழங்குகிறது. 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது.

மூன்றே ஆண்டுகள். கொரியப் போருக்கான ஆயுதச் செலவு ஏறியபோது, அவருடைய கட்சி அரசின் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியிடம் வாங்க முடிவெடுத்தார். முதலாண்டில் கிடைக்கப்போவது 1.3 கோடி பவுண்ட், பட்ஜெட்டில் ஒரு துளி. அதற்காகப் பெவன் 1951 ஏப்ரலில் பதவியைத் துறந்தார். வீம்பு, பொறாமை என்றெல்லாம் அன்றே பேசினார்கள். நிதியமைச்சர் நாற்காலி கிடைக்காத புழுக்கமும் இருந்திருக்கலாம். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் வாங்க இடம்தரும் சட்டத்தை 1949இல் நிறைவேற்றியபோது அமைச்சராக இருந்தவரும் அவரேதான். அந்தக் கதவு வழியாக 1952இல் அடுத்த அரசு சீட்டுக்கு ஒரு ஷில்லிங் என்று நுழைந்தது. அந்த ஷில்லிங்தான் வளர்ந்து வளர்ந்து, அந்தப் பெண்ணின் முன் நான் நீட்டிய 8 பவுண்ட் 20 பென்ஸாக நின்றது. வேல்ஸ் அதை 2007 ஏப்ரல் 1இல் ஒழித்துவிட்டது. அந்தப் பெண்ணை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது, பெவனின் வீம்பு எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

அவர் 'ட்ரிப்யூன்' வார இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். 'இன் பிளேஸ் ஆஃப் ஃபியர்' என்ற நூலை 1952இல் வெளியிட்டார். மதிய உணவு இடைவேளைகளில் அதைப் படித்து முடித்தேன். பேச்சாளர் எழுதிய புத்தகம். கோட்பாட்டுப் பக்கங்களில் இழுக்கிறது. சுகாதாரச் சேவை பற்றிய அத்தியாயத்துக்கு வந்ததும் உயிர் பெறுகிறது. வெளிநாட்டவருக்கு எதற்கு இலவசம் என்று கேட்டவர்களுக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது: வந்தவர் யார், உள்ளூர்க்காரர் யார் என்று எப்படிப் பிரிப்பீர்கள், அதற்காக நாட்டு மக்கள் எல்லோரும் அடையாளச் சீட்டோடு நடமாட வேண்டுமா? இதைப் படித்த அதே ஆண்டில் என் விசாவைப் புதுப்பித்தேன். வருமான வரியும் காப்பீட்டுப் பிடித்தமும் போக, குடியேறிகளுக்கான சுகாதாரக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 400 பவுண்ட் கட்டினேன். பெவனின் பெயர் தாங்கிய சுகாதார வாரியத்தின் எல்லைக்குள், யாரிடமும் காசு வாங்காத கவுன்ட்டரில், உள்ளே நிற்கக் காசு கட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

இலவசம் என்றால் வீணாகாதா என்று இங்கிலாந்து நண்பர்கள் கேட்பார்கள். ஆகிறது. மாதாமாதம் பழக்கத்தில் வாங்கிப்போய் அலமாரியில் அடுக்குகிறவர்கள் உண்டு. பிரிட்டிஷ் தொண்டைகளில் ஓயாமல் அருவிபோலக் கொட்டும் மருந்தை நினைத்தால் நடுங்குகிறது என்று 1949இலேயே பெவனும் சொல்லியிருக்கிறார். வேண்டாததைச் சீட்டிலிருந்து குறைக்கச் சொல்லி மருத்துவருக்குத் தொலைபேசுவது என் வேலையில் பாதி. கட்டணம் இருந்த ஊரில் அந்தக் குறைப்பை நோயாளியே செய்தார், பெரும்பாலும் தப்பாக.

முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்த முதியவர் சென்ற மார்ச் மாதம் இறந்துபோனார். அவருடைய மகள் இரண்டு பைகள் நிறைய மருந்துகளைத் திருப்பிக் கொண்டுவந்தார். திருப்பி வருவதை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது, அழிப்பதற்கான நீலத்தொட்டியில் போட வேண்டும் என்பது விதி. "வீணடித்துவிட்டோம், இல்லையா?" என்றார். உண்மையைச் சொல்லாமல், பரவாயில்லை என்றேன். வலி மாத்திரைகள், மலச்சிக்கல் பொடி, பிரிக்காத களிம்புகள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் போட்டேன். இன்ஹேலர்களை மட்டும் தனியே எடுத்துவைத்துப் பார்த்தேன். ஏழு இருந்தன. எத்தனை முறை இழுக்க மிச்சம் என்று காட்டும் சின்னச் சாளரத்தில், ஏழிலும் பூஜ்யம்.