மூட்டையைத் திறந்து வைத்தால்: கண்காட்சிக்குப் போய்வந்த நாட்குறிப்பு

ஆகஸ்ட் 6, காரைக்குடி

நாளை விடியற்காலை பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கிளம்புகிறேன். நந்தம்பாக்கத்தில் இரண்டு நாள் செல்லப்பிராணித் தொழில் கண்காட்சி. நாய், பூனைத் தீனிக் கடை வைத்து ஒன்பது வருடம் ஆகிறது, இப்படி ஒன்றுக்குப் போவது இதுதான் முதல் தடவை. இதுவரை ஆர்டர் எடுக்க வரும் டிஸ்ட்ரிபியூட்டர் பையன் சொன்னதுதான் எனக்கு இந்தத் தொழிலின் செய்தி எல்லாம்.

கேட்டு வர வேண்டியதைச் சீட்டில் எழுதினேன். பூனை மலஜலம் கழிக்கத் தட்டில் கொட்டும் பூனை மணல். சின்ன பாக்கெட். சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்களுக்கு எந்தத் தீனி சரி. கடைசியாக லூஸ் விற்பனை என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதினேன்.

20 கிலோ மூட்டையைப் பிரித்து, கரண்டியால் அள்ளி, அரை கிலோ, ஒரு கிலோ என்று கவரில் கட்டிக் கொடுப்பதுதான் லூஸ். என் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அதுதான். போன மழைக்காலத்தில் கோட்டையூரிலிருந்து ஒருவர் கவரைத் திருப்பிக் கொண்டுவந்தார். "மோந்து பாத்துட்டுப் போயிடுதுக்கா, வாயே வைக்கல." பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த மூட்டையைப் பிரித்து நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நாயின் முகம் இன்னும் மனசில் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 7, சென்னை

தாம்பரத்தில் இறங்கி நேராக அரங்குக்கு. எந்த ஸ்டாலில் நின்றாலும் "இன்டர்ஸூவில் பார்த்தோம்" என்கிறார்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் கண்காட்சி அது. அங்கே வருவது கொஞ்சம் தள்ளி இங்கே வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

ஜிபிஎஸ் கழுத்துப் பட்டை, நேரத்துக்குத் தானே தீனி கொட்டும் டப்பா, கேமரா எல்லாம் இருந்தன. பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். மைக்ரோசிப் ஸ்டாலில்தான் கொஞ்சம் நின்றேன். நாயை அடையாளம் காண அதன் தோலுக்கடியில் வைக்கும் சிப், அரிசி மணி அளவுதான் இருக்கிறது, அதற்குள் 15 இலக்க எண். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் கட்டாயமாகிவிட்டன. நம் பக்கமும் ஒரு நாள் கேட்பார்கள்.

பூனைக்கு ஒதுக்கிய இடத்தைப் பார்த்து அசந்துபோனேன். அரங்கில் பாதி பூனைதான். சோயாச் சக்கையில் செய்த மணல், பென்டோனைட் களிமண் மணல், பவுச் பவுச்சாக ஈரத் தீனி. என் கடையில் பூனைக்கு இருப்பது ஒரே ஒரு தட்டு.

பூச்சிப் புரதமும் வந்துவிட்டது. பிளாக் சோல்ஜர் ஃபிளை என்ற ஈயின் புழுவைக் காயவைத்து அரைத்துச் செய்த பிஸ்கட். பக்கத்தில் நின்றவர் முகத்தைச் சுளித்தார். நான் முகர்ந்து பார்த்தேன், வறுத்த கடலை வாசம்தான். மழைக்கு வரும் ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்ற ஊர்க்காரி நான், எனக்கு அது அருவருப்பாகப் படவில்லை. விலைதான் நமக்கு எட்டாது.

தானியமே இல்லாத தீனி என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிறார்கள். 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த வகைத் தீனிக்கும் நாய்களின் இதயத் தசை தளர்ந்து இதயம் விரிந்துபோகும் நோய்க்கும் தொடர்பு இருக்குமா என்று ஆராய ஆரம்பித்தது. பட்டாணி, பருப்பு அதிகம் சேர்ந்த தீனிகள் மேல்தான் அதிகம் சந்தேகம். தீனிதான் காரணம் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அதைப் பற்றிக் கேட்டேன், விற்பனைப் பையன் கேட்லாக்கை நீட்டினான். அரிசிச் சோறு தின்று வளரும் நம் ஊர் நாய்க்கு அரிசியை எதிரியாகக் காட்டி விற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 8, சென்னை

வந்ததற்குப் பலன் இன்றுதான் கிடைத்தது. மூலையில் ஒரு சின்ன ஸ்டால், கால்நடை மருத்துவம் படித்த ஒரு பெண். மேஜையில் இரண்டு கண்ணாடி ஜாடி, இரண்டிலும் ஒரே கம்பெனியின் ஒரே தீனி. ஒன்று அன்று காலை பிரித்தது. இன்னொன்று பிரித்து இரண்டு மாதம் வாய் திறந்தே கிடந்தது.

முதல் ஜாடியில் கோழி வாசம். இரண்டாவதைத் திறந்ததும் காறல் வாடை, பழைய கடலை எண்ணெய் மாதிரி. என் கடைக்குள் நுழைந்தால் அடிக்கும் வாடை அதேதான். ஒன்பது வருடமாக அதை நாய்த் தீனியின் வாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னது எளிமையாக இருந்தது. தீனியின் மேல் கொழுப்பு பூசியிருக்கிறார்கள். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் அது கெடும், வைட்டமின்களும் கூடவே போகும். காற்று புகாதபடி செய்திருப்பது அந்த மூட்டையைத்தான். ஆகவே தீனியை டிரம்மில் கொட்டக் கூடாது, மூட்டையோடு டிரம்முக்குள் இறக்கி மூட வேண்டும். சுமார் 27 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். காரைக்குடியில் சித்திரை, வைகாசியில் கடைக்குள்ளேயே அதைவிடப் பத்து டிகிரி கூட இருக்கும்.

அப்புறம் பேட்ச் நம்பர். 2007-இல் அமெரிக்காவில் சீனக் கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்து, நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. நூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். யார் வீட்டில் எந்தப் பாக்கெட் இருக்கிறது என்று பையில் அச்சிட்ட எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். நான் கட்டிக் கொடுக்கும் வெள்ளைக் கவரில் எண் ஏது, தேதி ஏது?

லேபிள் படிக்கவும் கற்றுக்கொடுத்தார். ஈரத் தீனியில் புரதம் 8 சதவீதம், உலர்ந்ததில் 24. பார்த்தால் உலர்ந்ததுதான் சத்து என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரத் தீனியில் 82 தண்ணீர், மிச்சம் 18-இல் 8 என்றால் 44 சதவீதம். உலர்ந்ததில் 10 தண்ணீர், மிச்சம் 90-இல் 24 என்றால் 27-கூட இல்லை. சீட்டின் பின்பக்கம் நானே மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம். நாயின் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனையால் போதுமான அளவு செய்ய முடியாது. குறைந்தால் கண்ணும் இதயமும் போகும். "நாய்த் தீனியையே பூனைக்கும் போடலாமா அக்கா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, காரைக்குடி

தகரக் கொட்டகையிலிருந்து மூட்டைகளையெல்லாம் இறக்கினோம். கடை பழைய வீட்டின் முகப்பில் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துவிட்டேன். தடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, காலுக்கடியில் ஆத்தங்குடி கல். மதியம் இரண்டு மணிக்கும் உள்ளே குளுகுளு என்றிருக்கிறது. தானியத்தைக் கெடாமல் வைக்கத் தெரிந்தவர்கள் கட்டிய வீடு. அதன் வாசலில் உட்கார்ந்துகொண்டு நான் தீனியைத் தகரத்துக்கு அடியில் வேகவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிரித்துக் கிடந்த நான்கு மூட்டையை முகர்ந்து பார்த்தேன். இரண்டை ஒதுக்கிவிட்டேன். நஷ்டம்தான், இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13

கானாடுகாத்தான் ஆச்சி வந்தார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரில். அவ்வளவு பெரிய வளவில் ஆச்சியும் மணி என்கிற நாட்டு நாயும்தான்.

"வெறும் தீனியப் போட்டாத் திங்க மாட்டேங்குது ஆத்தா. குழம்பு ஊத்திப் பெசஞ்சாத்தான் திங்குது."

என்ன குழம்பு என்று கேட்டேன். சின்ன வெங்காயமும் பூண்டும் போட்ட புளிக்குழம்பு. பயந்துவிட்டேன். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். திராட்சை நாய்க்கு ஆகாது என்பது பழைய செய்தி. அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றியும் 2022-இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆச்சியிடம் அவ்வளவையும் சொல்லவில்லை. "குழம்பு வேண்டாம் ஆச்சி, உப்புப் போடாம வேகவச்ச கோழித் தண்ணிய ஊத்துங்க, மணிய ஒரு தடவ டாக்டர்ட்டக் காட்டிருங்க" என்றேன்.

டிரம்மையும் உள்ளே மூட்டையையும் காட்டினேன். நான் விளக்க ஆரம்பிக்கும் முன்னால் ஆச்சியே சொன்னார்கள்: "தேன்குழல் டின்னத் தெறந்து போட்டாக் காறிப் போயிருமே, அதானே?"

அந்த மருத்துவர் அரை மணி நேரம் சொன்னதை ஆச்சி ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். இனி எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லப் போகிறேன்.

ஆகஸ்ட் 24

லூஸை அடியோடு நிறுத்தவே நினைத்தேன், முடியவில்லை. சின்ன பாக்கெட்டில் கிலோ விலை கூடுதல். மாட்டுத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, நாய், பூனைத் தீனிக்கு 18 சதவீதம். செக்காலையிலிருந்து வரும் ஆட்டோக்கார அண்ணன் அன்றன்றைய வருமானத்தில் அரை கிலோ வாங்குகிறார். தெருவில் பிறந்த மூன்று குட்டிகளைத் தூக்கி வந்து வளர்க்கிறார். அவரிடம் மூன்று கிலோ பாக்கெட்டை நீட்ட முடியுமா?

அதனால் இப்படி வைத்திருக்கிறேன். ஒரு வகையில் ஒரு மூட்டைதான் பிரிப்பது. பிரித்த தேதியைச் சாக்பீஸில் டிரம் மேல் எழுதுவது. மூன்று வாரம் தாண்டினால் விற்பதில்லை. ஒவ்வொரு கவரிலும் கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதியைச் சீட்டாக ஒட்டுவது. கடைப் பையன் முதல் நாள் முனகினான். இப்போது நான் சொல்லாமலே ஒட்டுகிறான்.

இன்று காலை ஆட்டோக்கார அண்ணன் கவரை வாங்கி, சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். "இது எதுக்குத்தா?" என்றார். சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, சீட்டு கிழியாதபடி கவரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.