இயற்கை அத்தரும் என் கழுத்தும்

தீபாவளிக்கு வாங்கிய மல்லிகை அத்தரை இரண்டு நாள் கழுத்தில் தடவினேன். மூன்றாம் நாள் காலை சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போதே அரிப்பு, ஆபீஸ் போய்க் கண்ணாடியில் பார்த்தால் சங்கிலி போட்ட மாதிரி சிவப்புத் தடிப்பு. ஆல்கஹால் இல்லை, கெமிக்கல் இல்லை, சுத்த இயற்கை என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, எதிலும் கலக்காமல் அப்படியே பூசிக்கொண்டது என் புத்திசாலித்தனம்.

இயற்கை என்றால் ஒன்றும் ஆகாதா? விஷமுள்ள செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான். மல்லிகை, இலாங்-இலாங் பூ, இலவங்கம், எலுமிச்சைப்புல் எல்லாமே சிலருக்கு ஒவ்வாமை தரும். லாவெண்டரில் உள்ள லினலூல், ஆரஞ்சு எண்ணெயில் உள்ள லிமோனீன் என்ற வாசனைப் பொருள்கள் இரண்டும் காற்றுப் பட்டுப் பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் இன்னும் மோசம், அதனால் வருஷக்கணக்கில் திறந்து மூடிய பழைய குப்பி இருந்தால் தூக்கிப்போடுங்கள். ஆரஞ்சு வகைப் பழமான பெர்கமாட்டின் எண்ணெயை, அதிலுள்ள பெர்காப்டென் என்ற பொருளை நீக்காமல் பூசிக்கொண்டு நம்மூர் வெயிலில் நடந்தால் தோல் வெந்து கறுத்துவிடும், அது ஒவ்வாமைகூட இல்லை, வெயிலும் எண்ணெயும் சேர்ந்து செய்கிற வேலை.

பாலிகிளினிக்கில் கொடுத்த ஸ்டீராய்டு கிரீமில் ஒரு வாரத்தில் அடங்கியது. அம்மா போனில் சந்தனம் அரைத்துப் போடச் சொன்னார். வேண்டாம் தாயே, அதுவும் வாசனைதான்.

இப்போதெல்லாம் புது எண்ணெய் எதுவானாலும், நன்றாக நீர்க்கச் செய்து, முழங்கை மடிப்பில் ஒரு துளி, தினம் இரண்டு முறை, ஒரு வாரம் பார்க்கிறேன், ஏனென்றால் தடிப்பு உடனே வராது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அந்தப் பொறுமையும் இல்லாத நாளில் துப்பட்டா ஓரத்தில் தொட்டுக்கொள்வேன். மல்லிகை ஆசை வந்தால்? தேக்கா சந்தையில் ஒரு முழம் வாங்கிக் கொண்டையில் வைத்துக்கொள்கிறேன், சரியா.