செயின் நீள்வதில்லை

"அண்ணே, செயின் லூசா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணி விட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

பட்டறையில் இதைக் கேட்காமல் ஒரு வாரம் கழிந்ததில்லை. அன்று கேட்டவர் ஸ்போர்ட்ஸ் பைக்கில் வந்த ஓர் இளைஞர். வண்டி அத்தனை சுத்தம். டேங்கில் ஒரு விரல்ரேகைகூடக் கிடையாது. செயினின் தங்க நிறத் தகடுகளையும் கழுவித் துடைத்து மின்ன வைத்திருந்தார். ஆனால் குனிந்து பார்த்தால் கண்ணிகளின் இடுக்கில் மெல்லிய செம்பொடி. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். (சிலர் கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டபடியே செயினைத் துடைப்பார்கள். செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போன விரல் திரும்பி வராது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும்.) ஓரிடத்தில் செயினை மேலும் கீழும் அசைத்தால் 50 மில்லிமீட்டர் ஆடியது. இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு அசைத்தால் 30தான். சில கண்ணிகள் மடங்கிய இடத்திலேயே விறைத்து நின்றன. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தேன். பல்லில் பாதி வெளியே தெரிந்தது.

"தம்பி, இது டைட் பண்ற கேஸ் இல்ல. ரெண்டு ஸ்ப்ராக்கெட்டோட சேத்து செட்டா மாத்தணும்."

"செயின் நீண்டுதானே போச்சு? இழுத்து வெச்சா சரியாயிடாதா?"

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் நினைத்திருந்தேன். என் முதல் ஸ்ப்ராக்கெட் செட் வேலையில் மானம் போனதும் அதனால்தான்.

அது 110 கண்ணிச் செயின். புதியது 120 கண்ணியோடு வரும், வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். எண்ணுவதற்குச் சோம்பல்பட்டு, பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டேன். பழையது முடிகிற இடம் புதியதில் 111க்கும் 112க்கும் நடுவே வந்தது. செயினில் அகலத் தகடும் ஒடுங்கிய தகடும் மாறி மாறி வருவதால் கண்ணிக் கணக்கு இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். சரி, 112 என்று வெட்டி, மாட்டி, ரிவிட்டும் அடித்துவிட்டேன். அப்புறம் பின்சக்கரத்தைப் பின்னால் தள்ளிச் செயினை இறுக்கும் அட்ஜஸ்டரைத் திருகுகிறேன், திருகுகிறேன், ஆக்ஸில் கடைசிக் கோட்டைத் தாண்டியும் செயின் தொங்குகிறது. பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. பழைய செயினைக் கையில் கொடுத்து, "எண்ணு" என்றார். எண்ணினேன். 110. "அப்போ ரெண்டு லிங்க் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வேறு வண்டிக்குப் போய்விட்டார். செயினின் இரண்டு நுனியையும் இணைக்கும் மாஸ்டர் லிங்க் ஒன்றே ஒன்றுதான் அதோடு வரும். அதை நான் வீணாக்கியிருந்தேன். அடுத்தது வரும்வரை அந்த வண்டி பட்டறை நடுவில் நின்றது, நானும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு விடை ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் இருக்கிறது. தகடு ரப்பரா என்ன, இழுத்தால் நீள? ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு வெளியே பல்லில் உட்காரும் உருளை. 1880இல் ஹான்ஸ் ரெனால்ட் கொண்டுவந்த ரோலர் செயினிலும் இதே அமைப்புதான். செயின் மடங்கி நிமிரும் ஒவ்வொரு தடவையும் கம்பி புஷ்ஷுக்குள் உரசித் தேய்கிறது. 520, 525, 530 என எந்த அளவுச் செயினானாலும் ஒரு கண்ணியின் நீளம் 15.875 மில்லிமீட்டர், அகலம்தான் மாறும். ஒரு மூட்டில் வெறும் 0.16 மில்லிமீட்டர் தேய்மானம், அதாவது சுமார் 1 சதவீதம் என்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாது. 110 மூட்டிலும் சேர்த்தால் 17 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிடும். ஒரு முழுக் கண்ணியை விட அதிகம்! நான் தரையில் போட்டு அளந்தது இன்னும் தேய்ந்த செயின்.

இப்படித் தேயாமல் இருக்கத்தான் கம்பிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே கிரீஸை வைத்து, இரண்டு பக்கமும் சின்ன ரப்பர் வளையம் போட்டு மூடி அனுப்புகிறார்கள். ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின் என்பதெல்லாம் இதுதான்.

"செயினை எதைப் போட்டுக் கழுவுவீங்க?" என்று இளைஞரிடம் கேட்டேன்.

"பெட்ரோல். கம்பி பிரஷ் வெச்சு நல்லாத் தேய்ச்சுடுவேன், வாராவாரம்."

அக்கறையில்லாமல் கெடுப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் அக்கறையாலேயே கெடுத்திருந்தார். பெட்ரோலில் ரப்பர் கெட்டு, பிரஷ்ஷில் கிழிந்து, உள்ளே இருந்த கிரீஸ் வெளியேறி, அந்த இடத்தில் தூசி குடியேறியிருந்தது. செம்பொடி என்று பார்த்தது இரும்பு இரும்பைத் தின்ற தூள்.

இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? 50 ஆடுகிற இடத்தைப் பார்த்து இறுக்கினால், 30 ஆடுகிற இடம் கம்பிபோல விறைக்கும். அதோடு ஆள் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால், முன் ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பிவெட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் இன்னும் இறுகும். கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங் அந்த அடியை வாங்கும். இதைச் சொன்னதும் அவர் போனை எடுத்து யாரிடமோ பேசிவிட்டு வந்து, "மாத்திடுங்கண்ணே" என்றார்.

முன் ஸ்ப்ராக்கெட் நட்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும், பழைய செயின் மேலேயே இருக்கும்போது. மடித்த லாக் வாஷரை நிமிர்த்திவிட்டு, அவரையே பின் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். செயினை வெட்டிவிட்டால் அந்த நட்டைத் திறக்கும்போது எதிர்ப்பிடி இருக்காது. அப்புறம் ஒரு கம்பியின் தலையைக் கிரைண்டரில் சீவி, கட்டரால் தள்ளினேன். பழைய செயினின் நுனியில் புதியதைக் கோத்து இழுத்தால் ஸ்விங் ஆர்மைச் சுற்றிக்கொண்டு தானே வந்து சேரும். புதியதை ஏற்கெனவே 110க்கு வெட்டி வைத்திருந்தேன். இரண்டு தடவை எண்ணிவிட்டுத்தான். இன்றைக்கும் இரண்டு தடவைதான்.

ரிவிட் அடிப்பதில்தான் எனக்கு இன்னமும் மூச்சு நிற்கும். பக்கத் தகட்டை அதிகம் அழுத்தினால் வளையம் நசுங்கி அந்த ஒரு கண்ணி மட்டும் விறைத்துக்கொள்ளும், குறைவாக அழுத்தினால் நிற்காது. கொஞ்சம் அழுத்துவேன், பக்கத்துக் கண்ணியின் அகலத்தோடு வெர்னியர் அளவுகோலில் ஒப்பிடுவேன், மறுபடி கொஞ்சம். அப்புறம் கம்பியின் தலையை விரித்து, விரிந்த அளவைச் செயினோடு வந்த தாளில் உள்ள எண்ணோடு சரிபார்த்து, டார்ச் அடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். சின்ன வண்டிகளில் கிளிப் லாக் போதும், அதன் மூடிய முனை செயின் ஓடும் பக்கம் பார்த்து இருந்தால் சரி. இந்த மாதிரி வண்டிக்கு நான் கிளிப் போடுவதில்லை. வேகத்தில் செயின் கழன்று முன்பக்கம் சுருட்டிக்கொண்டால் எஞ்சின் கேஸ் உடையலாம், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

மீதி வேலை சீக்கிரம் முடிந்தது. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை நான் முழுசாக நம்புவதில்லை. பிவெட்டிலிருந்து ஆக்ஸில் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்து, செயின் மிக இறுகிய இடத்தில் ஆட்டத்தை வைத்தேன்.

வெட்டி எடுத்த பத்துக் கண்ணித் துண்டை அவர் கையில் கொடுத்தேன், பழைய செயினிலிருந்தும் பத்து வெட்டி மறு கையில். பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால் புதியது குச்சிபோல நேராக நின்றது, பழையது வளைந்து தொங்கியது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்துட்டுப் போகட்டுமாண்ணே?"

"தாராளமா. இனிமே மண்ணெண்ணெய், மெத்துனு இருக்கற பிரஷ், மேல கியர் ஆயில். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருதடவை கொண்டாந்து காட்டுங்க."

துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். டேங்கில் ஐந்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. அவர் கவனிக்கவில்லை.