ஆயிரமா, ஆயிரத்தைத் தாண்டலாமா?

ரெண்டு வாரமாக ராத்திரியில் இதே வேலைதான். 2019 மார்ச்சில் மொசாம்பிக்கின் பெய்ரா நகரத்தைப் புரட்டிப்போட்ட இடாய் புயல் பற்றிய நிலவர அறிக்கைகளை ரிலீஃப்வெப் என்ற ஐ.நா. நிவாரணத் தகவல் தளத்திலிருந்து இறக்கி, ஒரு மொழி மாதிரியிடம் (படித்துப் பதில் சொல்கிற ஏஐ) கொடுத்து, எத்தனை பேர் இறந்தார்கள், எங்கே காலரா, எந்தச் சாலை துண்டிப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

படிக்கிற வேகம் அசத்தல். ஆனால் முதல் நாளே "இறப்பு: 1000" என்று எழுதி வைத்தது. மூல வரியைத் தேடிப் போனேன். மார்ச் 18 அன்று அதிபர் ஃபிலிப் நியூசி வானிலிருந்து பார்த்துவிட்டு, ஆயிரத்தைத் தாண்டக்கூடும் என்றிருக்கிறார். அன்றைய அதிகாரபூர்வக் கணக்கு 84. கடைசியில் அந்த நாட்டில் மட்டும் 600க்கு மேல் போனது. "கூடும்" என்ற ஒரு சொல்லை விழுங்கிவிட்டது, பாவி.

அதைவிடப் பெரிய தலைவலி இன்னொன்று. ஒரே எண்ணை எட்டு அறிக்கைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுத்துப் போட்டிருந்தால், "எட்டு ஆதாரங்கள் உறுதிசெய்கின்றன" என்கிறது. நம்ம டீக்கடை வதந்தி பரவுகிற அதே கதை!

அப்புறம் விதியை மாற்றினேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அறிக்கையில் உள்ள வரி அப்படியே வேண்டும், சொன்னது யார், எந்தத் தேதி. வரி அறிக்கையில் இல்லையென்றால் எண்ணும் இல்லை. பட்டியல் பாதியாகச் சுருங்கிவிட்டது, சரி, பரவாயில்லை.

இன்றைக்குக் காலரா. மார்ச் 27-க்கு முன்னால் "சந்தேகம்", அதற்குப் பிறகு "உறுதி". ரெண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.