ஹீட்டர் ஓடும் வீட்டில் ஒரு வெட்டுப்பலகை

குளிர் நாட்டுக்குக் குடிவந்த முதல் மாரியில் உதடு வெடிக்கும், கை வறளும். வெளியே பனி கொட்டும்போது வீட்டுக்குள் ஏன் இந்த வறட்சி? குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. அதையே உள்ளே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். நமக்குக் களிம்பு இருக்கிறது. கையால் செய்த வெட்டுப்பலகை என்ன செய்யும்? வளையும்.

இங்கே வந்தபின் பொழுதுபோக்காக மரவேலையில் இறங்கிய எனக்குப் பிடிபட்ட முதல் விஷயம், மரம் அறுபட்ட பிறகும் ஈரத்தை வாங்கி விட்டுக்கொண்டே இருக்கும் என்பது. வெளியில் காற்றாட உலர்ந்த மரத்தில் 12 முதல் 15 சதவீதம் வரை ஈரம் இருக்கும். ஹீட்டர் ஓடும் வீட்டில் அது 6, 8 என்று இறங்கும். அதனால் வாங்கிய மரத்தை உடனே அறுக்காமல், நாலு பக்கமும் காற்றுப்படும்படி குச்சிகளை இடையில் வைத்து, சில வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டுவைப்பேன். இடத்தை அடைக்கிறது என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். சரி, வரட்டும்.

அப்புறம், பலகையின் முனையைப் பாருங்கள். ஆண்டு வளையங்கள் வில்லாக வளைந்து தெரிந்தால் எச்சரிக்கை: உலர உலர அந்த வில் நிமிரப் பார்க்கும், பலகை குழியும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அகலப் பலகையை அப்படியே வைக்காமல் பட்டைகளாகக் கிழித்து, வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி ஒவ்வொன்றையும் புரட்டி, நீர் தாங்கும் பசையால் ஒட்டுகிறேன். நாலு சென்டிமீட்டர் கனம் இருந்தால் நிம்மதி. வளையாமல் பிடிக்கட்டும் என்று இரு முனையிலும் குறுக்குச் சட்டம் வைத்து முழுக்கப் பசை போடுவது எனக்கு ஒப்பாது. அகலவாக்கில் அசைய இடமில்லாத பலகை வெடித்துவிடும்.

எண்ணெய்க்கு உணவுத்தர மினரல் ஆயில். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் சிக்குவாடை அடிக்கும். மேல்முகத்துக்கு மட்டும் பளபளவென்று தடவிவிட்டு அடிப்பக்கத்தை மறந்தால், இரண்டு முகமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் வாங்கும். நார் அறுபட்ட முனைகள்தான் அதிகம் குடிக்கும். அங்கே திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தை மெதுவாக்கும், தடுத்துவிடாது.

மற்றதெல்லாம் புழக்கத்தில். ஈரமான மேடையில் படுக்கப்போட்ட பலகையைக் கவனியுங்கள்: அடிப்பக்கம் ஊறி உப்பும், ஹீட்டர் காற்றில் மேல்பக்கம் சுருங்கும், விளிம்புகள் மேலே எழும், கத்தி பட்டதும் பலகை ஆடும். கழுவினால் இரண்டு பக்கமும் நனைத்து, துடைத்து, நிறுத்திவையுங்கள். ஹீட்டர் அருகே வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டவே வேண்டாம்.

லேசாகத்தான் குழிந்திருக்கிறதா? குழிந்த பக்கமே காய்ந்த பக்கம். அதை ஈரத் துணிமேல் கவிழ்த்து இரவு முழுக்க விட்டால் பெரும்பாலும் படிந்துவிடும். நேரானதும் நிறுத்தி ஆறவிட்டு, இரு முகத்திலும் எண்ணெய். அதற்கும் மசியாவிட்டால் இழைப்புளியை எடுக்க வேண்டியதுதான். ஒரு பக்கத்தில் எவ்வளவு சீவுகிறீர்களோ, மறுபக்கத்திலும் அவ்வளவு.