பெல்லி-ராப்சன் சார்ட்டில் கான்ட்ராஸ்ட் எடுக்கும்போது

நோயாளி பார்வை அட்டையில் 6/6 (இயல்பான பார்வைக்கான வரி) சரளமாகப் படிப்பார்; ஆனால் "பொழுது சாய்ஞ்சா படிக்கட்டு விளிம்பே தெரியமாட்டேங்குது" என்பார். ஆரம்பக்கட்ட கண்புரை, பார்வை நரம்பு அழற்சி உள்ளவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது. இவர்களுக்குக் கான்ட்ராஸ்ட் (பின்னணியிலிருந்து எழுத்தைப் பிரித்துக்காட்டும் கருமை-வெண்மை வேறுபாடு) பார்க்க நாங்கள் எடுப்பது, 1988-இல் வந்த பெல்லி-ராப்சன் சார்ட். எழுத்தெல்லாம் ஒரே அளவு, சுமார் 5 செ.மீ. கருமைதான் மூன்று எழுத்துக்கு ஒருமுறை 0.15 லாக் (மடக்கை அலகு) வீதம் குறையும். மொத்தம் எட்டு வரி. வரிக்கு மூன்றெழுத்துத் தொகுதி இரண்டு. முதல் தொகுதியின் மதிப்பு 0.00, கடைசியின் மதிப்பு 2.25; எண் கூடக் கூட எழுத்து வெளிறும்.

பெரும்பாலும் கணக்கைக் கெடுப்பது வெளிச்சம். வெள்ளைப் பரப்பு சதுர மீட்டருக்கு 85 கேண்டெலா (ஒளிர்வின் அலகு) இருக்க வேண்டும். 60 முதல் 120 வரை பரவாயில்லை. சாதாரண லக்ஸ் மீட்டரைச் சார்ட்டின் மேல் படுக்கவைத்தால் 300–350 காட்டினால் போதும். நடுவிலும் நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். மேலே ஒற்றை டியூப்லைட் மட்டும் இருந்தால் கீழ்ப்பாதி மங்கும். மிக வெளிறிய எழுத்துகள் இருப்பதும் அங்கேதான்.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள். தூரம் 1 மீட்டர். நாற்பது தாண்டியவருக்குத் தூரப்பார்வை பவரோடு +0.75 சேர்க்க வேண்டும். வலது, இடது, பிறகு இரண்டு கண்ணும். ஆங்கில எழுத்து தெரியாதவர் கையில் அதே பத்து எழுத்துகள் உள்ள அட்டையைக் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

"தெரியலை" என்றதும் நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. வெளிறிய எழுத்து உடனே பிடிபடாது. இருபது விநாடி உற்றுப் பார்த்தால் மெல்ல எழும்பி வரும். தெரியாவிட்டாலும் ஊகித்துச் சொல்லியாக வேண்டும். 'சி'யை 'ஓ' என்றாலும், 'ஓ'வை 'சி' என்றாலும் சரி என்றே எடுக்கிறோம்.

மூன்றில் இரண்டு சரியாக வந்த கடைசித் தொகுதியே மதிப்பெண். 1.35 வரை எல்லாம் சரி, 1.50-இல் இரண்டு, அடுத்ததில் ஒன்றும் இல்லை என்றால் 1.50. எழுத்துவாரியாக எண்ணினால் 32 × 0.05, முதல் தொகுதியின் மதிப்பு 0 என்பதால் அதில் 0.15 கழித்து 1.45. அடுத்தடுத்த வருகைகளை ஒப்பிட இந்த முறையே நல்லது. எந்த முறை என்பதை ஃபைலில் எழுதிவையுங்கள். இளவயதினர் ஒற்றைக் கண்ணில் 1.80-ஐ ஒட்டி வருவார்கள், 1.50-க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும்.

சார்ட்டை விரலால் தொட்டுக் காட்டவே கூடாது. கடைசி எழுத்துகளின் கான்ட்ராஸ்ட் 0.56%தான், கைரேகை அழுக்கு அதைவிடக் கருப்பு. வேலை முடிந்ததும் மூடி வையுங்கள், வெயில் பட்டால் மை வெளுத்துவிடும்.