‘கொள்ளாம்’ என்பதைத் திருத்தாதீர்கள்

“அயிலை கொள்ளாம்” என்று குளச்சல்காரர் சொன்னால் மீன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதே மீன் சென்னையில் கானாங்கெளுத்தி. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற கணினி மாதிரிகளுக்குத் தமிழ் தெரியும். குமரிக் கடற்கரையின் தமிழ்தான் பிடிபடாது. அதைப் பழக்க வேண்டுமானால் ஊர்ப்பேச்சைப் பதிவு செய்தாக வேண்டும்.

பதிவுக்கு ஒரு சாதாரண போன் போதும். 16,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பு என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 மெகாபைட் வரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். கடற்காற்றுக்கு மைக்கில் பஞ்சு உறை கட்டாயம். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வாங்காதீர்கள், ஒலி சுருங்கிவிடும்.

வேலை கெடுவது எழுதும் இடத்தில். படித்த பிள்ளைகள் எழுத உட்கார்ந்தால் ‘கொள்ளாம்’ என்பது ‘நன்றாக உள்ளது’ ஆகிவிடும், ‘பைய’ ‘மெதுவாக’ ஆகிவிடும். ஒலி ஒன்று, எழுத்து ஒன்று என்று பழகிய கணினி மாதிரி கடைசியில் இரண்டையும் குழப்பும். ஆகவே ஒலியைக் கேட்டபடி அதற்கு நேராக எழுதிவைக்க உதவும் ஈலான் மென்பொருளில் இரண்டு வரிசை வையுங்கள்: மேலே பேசியது பேசியபடி, கீழே பொதுத்தமிழ். மாதிரியைப் பழக்குவது மேல்வரிசையை வைத்து. அயிலை, அயில, அயல என்று மூன்று விதமாக எழுதாமலிருக்க, முதல் நாளே ஒரு சொற்பட்டியல் போட்டு எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டும். (அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்று அரை நாள் சண்டை நடக்கும். நடக்கட்டும்.)

‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி முறை அதைச் சரிசெய்துவிடும். ஆனால் ‘மௌனம்’ என்பதை ளகரம் போட்டு ‘மெளனம்’ என்று தட்டியிருந்தால் அது சரிசெய்யாது. தேடித்தான் மாற்ற வேண்டும்.

விஸ்பருக்கான துண்டுகள் 30 விநாடிக்குள் அடங்க வேண்டும். நீண்ட மௌனத்தை வெட்டிவிடுங்கள், இல்லையேல் யாரும் சொல்லாத வாக்கியத்தை அது தானாக எழுதும். பழக்கலில் வந்த ஒருவரின் குரல், மாதிரி எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனையில் வரக்கூடாது. பிழையைச் சொற்கணக்கில் மட்டும் எண்ணினால் ஏமாற்றம்தான்: ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதைப் பிரித்து எழுதினாலே அந்தக் கணக்கில் பிழை. எழுத்துக்கணக்கையும் பாருங்கள். மொத்தப் பிழை குறைந்தும் கள்ளக்கடல் (திடீரெனப் பொங்கும் கடல்), கச்சான் (மேல்காற்று), நீவாடு (நீரோட்டம்) ஆகிய சொற்கள் தவறியிருந்தால் கடலுக்குப் போகிறவருக்கு அந்த மாதிரியை வைத்துச் செய்த செயலியால் உதவியில்லை. இவற்றுக்குத் தனிச் சோதனைப் பட்டியல் வேண்டும்.

பேசுகிறவர்களிடம் இசைவு வாங்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: காமன் வாய்ஸ் என்னும் பொதுக் குரல் தொகுப்பைப் போல, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிற சிசி ஜீரோ உரிமத்தில் வெளியிட்டால் திரும்பப் பெற முடியாது. மீன் கிடைக்கும் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே இருக்கிறது என்பதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். அது அவர்களின் தொழில் ரகசியம். அந்தப் பகுதியை மூலக்கோப்பிலிருந்தே வெட்டுங்கள். பெயரை மறைத்தால் போதாது, சின்னத்துறை போன்ற கடற்கரை ஊரில் குரலைக் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.